இரண்டு மூக்கு ஒரு மூக்காகும் கேமரா
வாசகர் கேள்விகளுக்குச் சுங்கை சிப்புட் ஸ்டூடியோக்காரர் பதில்

போன மாதம் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, திருவிழாவுக்கு இன்றைக்கும் என் தோளில் தொங்குவது பழைய ரேஞ்ச்ஃபைண்டர் பிலிம் கேமராதான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க அந்தக் கேமராதான். பாஸ்போர்ட் படத்தில் காது தெரிய வேண்டுமா என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிள், ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன? வீடியோவில் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.
*கல்லூரி மாணவி, தைப்பிங்*

இரண்டு கண்ணை வைத்து நாம் தூரம் அளக்கிறோம் இல்லையா, அதே வேலைதான் அம்மா. கேமராவின் முகத்தில் இரண்டு ஜன்னல் இருக்கும். பெரிய ஜன்னல் வழியாக நீ காட்சியைப் பார்க்கிறாய். சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் சின்ன ஜன்னல், அதே காட்சியைக் கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து பிடித்து, உள்ளே இருக்கும் கண்ணாடி மூலம் உன் கண்ணுக்கு அனுப்புகிறது. அது நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் எல்லாம் இரண்டிரண்டு. உன் பாட்டியைப் பார்த்தால் இரண்டு மூக்கு, இரண்டு மூக்குத்தி. லென்ஸ் வளையத்தை விரலால் திருப்பு. ஒரு மூக்குத்தி நகர்ந்து போய் மற்றதன் மேல் உட்காரும். உட்கார்ந்ததும் விரலை எடுத்துவிடு, ஃபோக்கஸ் முடிந்தது.

ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில் ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய முதல் லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தபோது அதில் இந்த ஜன்னல் வித்தை கிடையாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். லென்ஸோடு இணைத்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932இல் வந்தது. 1954இல் வந்த லைக்கா எம்3தான் காட்சி பார்ப்பதையும் தூரம் பார்ப்பதையும் ஒரே பெரிய ஜன்னலில் சேர்த்து, எல்லாருக்கும் ஆசை மூட்டியது. எனக்கும்தான். இன்றுவரை வாங்கவில்லை. என்னிடம் இருப்பது ஜப்பான்காரன் செய்த கேனன் கேனனெட் கியூஎல்17 ஜி3. 1979இல் ஈப்போவில் வாங்கினேன். அப்போது ஸ்டூடியோவில் எடுபிடியாக எனக்குக் கிடைத்த இரண்டு மாதச் சம்பளம் அதில் போயிற்று. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அண்ணே, பதினைந்து வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். என்னிடம் இல்லாத கேமரா இல்லை. இவை தராத எதை உங்கள் பழைய பெட்டி தந்துவிடும்?
*திருமணப் படக்காரர், கிள்ளான்*

தாலி கட்டும் நொடியை, தம்பி.

1983இல் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு கல்யாணம். கையில் முதலாளியின் எஸ்எல்ஆர் கேமரா. கெட்டிமேளம் கொட்டியது, மாப்பிள்ளை குனிந்தார், நான் அமுக்கினேன். எஸ்எல்ஆரில் நடப்பது உங்களுக்குத் தெரியும்: லென்ஸ் வழியாக வரும் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பி விடுவது உள்ளே இருக்கும் கண்ணாடி. பிலிமில் வெளிச்சம் விழ வேண்டுமென்றால் அது மேலே மடங்க வேண்டும். மடங்கும் அந்தக் கண்ணிமைப்பில் நம் கண்ணுக்கு ஒரே இருட்டு. அதாவது, நான் எந்த நொடியைப் படம் பிடித்தேனோ அந்த நொடியை மட்டும் நான் பார்க்கவே இல்லை! சுருள் ஈப்போவுக்குப் போய்க் கழுவி வர நான்கு நாள். வந்த பிறகுதான் தெரிந்தது, பெண் கண்ணை மூடியிருந்தாள். பெண்ணின் அம்மா ஒன்றுமே சொல்லாமல் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவரைப் பார்த்தால் இன்றைக்கும் நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அதற்கு அடுத்த கல்யாணத்திலிருந்து தாலிக்கு மட்டும் கேனனெட்டை எடுத்துக்கொண்டேன். அதில் மடங்கும் கண்ணாடி இல்லை. ஜன்னல் திறந்தே கிடக்கும். ஃப்ளாஷ் அடிக்கும்போது அந்த வெளிச்சத்தில் பெண்ணின் முகம் பளிச்சென்று ஜன்னலில் தெரியும். இமை மூடியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும், உடனே இன்னொன்று எடுத்துவிடலாம். எஸ்எல்ஆரில் ஃப்ளாஷ் உங்கள் கண்ணில் பட்டதென்றால் பிலிமில் படவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே என் மதிப்பில் அந்தக் கேமரா இன்னும் உயர்ந்து நிற்கிறது. இப்போது வரும் கண்ணாடி இல்லாத கேமராக்களில் விலை கூடியவை இந்தக் குறையைத் தீர்த்துவிட்டன, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதில் நீங்கள் பார்ப்பது ஒரு குட்டித் தொலைக்காட்சிப் பெட்டியை.

அப்புறம், கோடு. ஜன்னலுக்குள் ஒளிக்கோட்டால் ஒரு சட்டம் போட்டிருக்கும். அதற்குள் விழுவதுதான் படம். ஆனால் கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரியும். மொய்க் கவரைக் கையில் வைத்துக்கொண்டு சரியாக உங்களுக்கும் மணவறைக்கும் நடுவில் புகுந்து நிற்பதற்கென்றே ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார் அல்லவா? எஸ்எல்ஆரில் அவர் வருவது வந்து மறைத்த பிறகுதான் தெரியும். இதில் அவர் இரண்டடி தூரத்தில் வரும்போதே கோட்டுக்கு வெளியே தெரிந்துவிடுவார். முந்தி அமுக்குவதா, அவர் போகட்டும் என்று நிற்பதா, முடிவு உங்கள் கையில். பால்குடமோ காவடியோ கூட்டத்தோடு வரும்போதும் இதே வசதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. கேனனெட் மாதிரி கேமராக்களில், வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக இருக்கிறது. ஃப்ளாஷ் எல்லா வேகத்திலும், 1/500 நொடி வரைக்கும் ஒத்துப்போகும். என் முதலாளியின் எஸ்எல்ஆர் 1/60க்கு மேல் போனால் பாதிப் படம் கறுப்பு. நம் ஊர்ப் பந்தலை நினைத்துப் பாருங்கள்: வெளியே மட்டமத்தியான வெயில் கொளுத்தும், பந்தலுக்குள்ளே மாப்பிள்ளை முகம் நிழலில் இருண்டு கிடக்கும். 1/250 வைத்து வெயிலை அடக்கி, ஃப்ளாஷால் முகத்தைத் தூக்கினால் இரண்டும் ஒரே படத்தில் கிடைக்கும். ஆனால் லைக்காவில் இது நடக்காது. அதன் ஷட்டர் பிலிமுக்கு முன்னால் ஓடும் துணித்திரை. இந்த ஒரு விஷயத்தில் என் ஏழைக் கேமரா பணக்காரக் கேமராவை ஜெயிக்கிறது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மாமா, கோயில் விளக்கு வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க முடியுமா?
*பாகான் செராய் வாசகர்*

முடியும். மூலவரை எடுக்காதீர்கள், மற்றதற்குப் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கண்ணாடி மடங்கும் அதிர்ச்சி இல்லாததால் 1/15 நொடியைக் கையிலேயே பிடிக்கலாம். தூணில் சாய்ந்துகொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அமுக்க வேண்டும். குறைந்த வெளிச்சத்துக்கும் ஈடுகொடுக்கும் ஐஎஸ்ஓ 400 சுருளும், எஃப் 1.7 வரை துவாரம் அகலத் திறக்கும் லென்ஸும் இருந்தால் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் உள்ள முகம் பிலிமில் விழும். ஃபோக்கஸும் இருட்டில் சுலபம்: விளக்குத் திரி கட்டத்துக்குள் இரண்டாகத் தெரியும், இரண்டு சுடரும் ஒன்றானால் சரி. சத்தமும் ஒரு சின்ன ‘டிக்’தான். தேவாரம் பாடுகிறவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ரப்பர் தோட்டத்தில் விடிகாலைப் பால்வெட்டை நான் எடுத்ததும் இப்படித்தான். 1982இல் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியதிலிருந்து நமக்கு விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் பால் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதற்கு முன்பே நிரையில் இறங்கிவிடுவார்கள். ஏழே கால் வாக்கில் ஆகாயம் கொஞ்சம் சாம்பல் நிறம் ஆகும். அப்போது 1/30, எஃப் 1.7. ஒரு பெரியம்மா கத்தியை மரத்தில் வைத்து இழுக்கிறார். பட்டை சுருண்டு விழுகிறது. சரிவாகப் போட்ட கோட்டில் வெள்ளையாக ஒரு நூல் ஊறி, தகரத்தில் இறங்கி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் முதல் சொட்டு விழுகிறது. மங்கின் வெள்ளை விளிம்புதான் எனக்கு ஃபோக்கஸ். அந்த இருட்டிலும் இரண்டு விளிம்பும் ஒன்று சேர்வது தெரிந்தது. எடுத்து முடிக்கும்வரை கேமரா தன்னைப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததும், “தலை கூடச் சீவல, போடா அந்தப் பக்கம்” என்றார். இப்போது அந்த இடம் முழுக்கச் செம்பனை.

இருபது வருடமாக எஸ்எல்ஆர் வைத்திருப்பவன் நான். பழசு என்பதற்காகவே தூக்கிவைத்து எழுதுகிறீர்கள். பூவைக் கிட்டத்தில் எடுக்க முடியுமா? தூரத்துப் பறவையை?
*குளுவாங் வாசகர்*

முடியாது, முடியாது.

என் கேமரா 80 சென்டிமீட்டருக்குக் கிட்டே போகாது. நெடுந்தூர லென்ஸ் மாட்ட முடியாது. லென்ஸ் மாற்றக்கூடிய லைக்காவிலும் 135 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஜன்னலில் கோடு கிடையாது. பின்னணி எவ்வளவு மங்கும் என்பதும் கண்ணுக்குத் தெரியாது, அனுபவத்தில்தான் வர வேண்டும். தீமிதிக்கு வேலிக்கு வெளியே நின்று எடுக்க வேண்டுமென்றால் நானும் எஸ்எல்ஆரைத்தான் தூக்குகிறேன். இத்தனை வருடம் வீட்டு வாடகை கொடுத்தது அது, இப்போது டிஜிட்டல். நான் சொல்வதெல்லாம் இரண்டு கைநீட்டு தூரத்திலிருந்து ஒரு பத்தடிவரை நிற்கும் மனிதர்களை எடுப்பதைப் பற்றி மட்டும். அந்த இடத்தில் என்னை அசைக்க முடியாது.

அண்ணே, எனக்கும் ஒன்று வாங்க ஆசை. லைக்கா விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எதை வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
*லோரி ஓட்டுநர், தெலுக் இந்தான்*

கேனனெட், மினோல்டா ஹைமேட்டிக், ஒலிம்பஸ் 35 வகைகள், இவை போதும். யாஷிகா எலக்ட்ரோ 35 பார்க்க அழகு, லென்ஸும் நல்லது. ஆனால் வேகத்தை அதுவே முடிவு செய்யும், பேட்டரி இருந்தாலும் செத்தாலும் வேகத்தை உங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. கையால் எல்லாம் வைக்கத்தான் ஆசை என்றால் அது வேண்டாம்.

கடையில் எடுத்ததும் முதலில் பின்கதவைத் திறங்கள். வேகத்தை ‘பி’யில் வைத்து, துவாரத்தை முழுக்கத் திறந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்னாலிருந்து கைப்பேசி டார்ச்சை அடியுங்கள். லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி தெரிகிறதா? அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு இதுதான் பெரிய எதிரி. ஓரத்தில் ஒரு இழை என்றால் சமாளிக்கலாம்; நடுவில் பரவியிருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கதவின் ஓரத்தில் கறுப்புப் பஞ்சு இருக்கும், அது பெரும்பாலும் பழைய தார் மாதிரி கையில் ஒட்டும். பயப்பட வேண்டாம், சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டலாம். ஒட்டாமல் விட்டால் வெளிச்சம் கசிந்து படத்தில் சிவப்புத் தீற்றல் விழும். பிறகு ஜன்னலில் கண்ணை வைத்துத் தூரத்துக் கம்பத்தைப் பாருங்கள். வளையத்தைத் தூரக் கோடிவரை திருப்பினால் இரண்டு கம்பம் ஒரே கம்பமாக வேண்டும். ஆகவில்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள். அந்த உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சைக்குச் சோறு போடும். நான் கேமராவை இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். மனைவி அதைப் பலகாரம் என்று நினைத்து இரண்டு முறை திறந்திருக்கிறாள்.

சுருள் விலையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. சுருள், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் இப்போது நூறு மலேசிய வெள்ளியை எட்டிப் பார்க்கிறது. கிடைப்பது 36 படம்.

ஐயா, அப்பாவின் கேனனெட் கிடைத்தது. வெளிச்சம் காட்டும் முள் அசையவில்லை. பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதானா?
*ஆசிரியர், பீடோர்*

வைக்காதீர்கள்! அந்தக் கேமராவில் பேட்டரி முள்ளுக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பற்சக்கரத்திலும் ஓடுவது. வளையத்தை ‘ஏ’ என்ற தானியங்கி இடத்திலிருந்து நகர்த்தி ஏதாவது ஒரு எண்ணில் வைத்தால் பேட்டரி இல்லாமலே வேலை செய்யும்.

அதற்குரிய பாதரசப் பேட்டரியை இப்போது செய்வதில்லை. முள் வேண்டும் என்றால் மருந்துக் கடையில் காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 எண் பேட்டரியை வாங்கி, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டு உள்ளே வையுங்கள், சுமாராகச் சரியாகக் காட்டும். ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்றுப்பட்டு வேலை செய்ய ஆரம்பிக்கும், சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

முள்ளே வேண்டாம் என்பது என் கட்சி. கேமராவின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். ஐஎஸ்ஓ 400 சுருளுக்கு: பளீர் வெயில் 1/500, எஃப் 16. மந்தாரம் 1/500, எஃப் 8. ரப்பர் மர நிழலில் பத்து மணிக்கு 1/125, எஃப் 4. செம்பனைக்குள் அதைவிட ஒரு படி இருட்டு, 1/60. கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே போகும் ஐந்தடி வீதி நிழலில் நிற்கும் கோப்பிக் கடைக்காரருக்கும் ரப்பர் மரக் கணக்கேதான். நெகட்டிவ் பிலிம் கொஞ்சம் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. அதனால் சந்தேகம் வந்தால் ஒரு படி கூட்டி வையுங்கள்.

ஃபோக்கஸுக்கும் ஒரு குறுக்கு வழி. எஃப் 8 வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். 40 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இரண்டு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல்வரை எல்லாம் தெளிவாக விழும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடி வரும்போது வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தூக்கி அமுக்க வேண்டியதுதான். கைப்பேசி முகத்தைத் தேடிக் கட்டம் போடுவதற்குள் நீங்கள் எடுத்து முடித்திருப்பீர்கள்.

உங்கள் வாழ்க்கையிலேயே பெரிய சொதப்பல் எது? (உண்மையைச் சொல்லவும்)
*சித்தியவான் வாசகி*

லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஒரு தைப்பூசத்தை முழுக்க எடுத்தது. ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு என்பதால் மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் காட்சி தகதகவென்று தெரியும். ஆனந்தமாக 36 படம் எடுத்தேன். கூட வந்த மச்சான் கடைசிப் படத்தின்போது, “மாமா, முன்னால கறுப்பா என்னமோ இருக்கே” என்றான். அன்றிலிருந்து என் கேமராவுக்கு மூடியே கிடையாது, கண்ணாடி வடிகட்டி ஒன்று மாட்டியிருக்கிறேன். இதழ் ஷட்டர் என்பதால் எனக்கு அது சரி. லைக்கா வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள். மூடி இல்லாத லென்ஸ் உச்சி வெயிலைப் பார்த்தபடி கிடந்தால், பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோல் துணித்திரையில் ஓட்டை விழும்.

டிஜிட்டலில் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாதா?
*ஈப்போ வாசகர்*

உண்டு. எப்சன் 2004இல் ஒன்று செய்தது, 2006இலிருந்து லைக்காவும் செய்கிறது. விலையைக் கேட்காதீர்கள்.

ஐயா, 1987இல் எங்கள் தோட்டத்துக்கு வந்து பால் நிறுக்கும் இடத்தில் அப்பாவைப் படம் எடுத்தீர்கள். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அன்று அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாராம், ஆனால் படத்தில் இல்லை. அம்மா வேலை செய்த காலத்துப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வேறு படம் ஏதாவது எடுத்தீர்களா?
*வாசகி, சிரம்பான்*

உங்கள் கடிதம் வந்த அன்று இரவே பெட்டியைத் திறந்தேன். வேறு படம் எடுக்கவில்லை, அம்மா. அந்த ஒன்றுதான். ஆனால் நெகட்டிவ் இருக்கிறது.

இந்த வகைக் கேமராவில் ஜன்னலில் தெரியும் கோடு கிட்டத்துக்குக் கணக்குப் பண்ணிப் போட்டது. ஆள் தள்ளி நின்றால் கோட்டைத் தாண்டியும் கொஞ்சம் பிலிமில் விழும். அன்று நான் உங்கள் அப்பாவையும் இரண்டு வாளியையும் மட்டும்தான் கோட்டுக்குள் வைத்தேன். சட்டத்துக்கு ஏற்றபடி படம் போடும்போது ஓரத்தை வெட்டியும் இருக்கிறேன், வெட்டியது நானேதான். நெகட்டிவின் இடது ஓரத்தில் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் நிற்கிறார். முழுக்கைச் சட்டை, கையில் இரண்டு மங்கு. முகம் முக்கால்வாசி தெரிகிறது, தராசைப் பார்க்கிறார். நாற்பது வருடம் ஆகப்போகிறது, இதுவரை நான் அவரைக் கவனித்ததில்லை.

அவர்தான் உங்கள் அம்மாவா என்று நான் சொல்ல முடியாது. இன்னும் படம் போடாமல் வைத்திருக்கிறேன். புதன்கிழமை கடை இல்லை, மற்ற நாளில் பத்து மணிக்கு மேல் வாருங்கள். அம்மாவையும் கூட்டி வரலாம், ஆனால் ஸ்டூடியோ மாடியில் இருக்கிறது, படி கொஞ்சம் செங்குத்து. கீழே கோப்பிக் கடையில் உட்கார வைத்தால் நெகட்டிவையும் பூதக்கண்ணாடியையும் நானே இறக்கிக்கொண்டு வருகிறேன்.